ரிவால்வரில் 45-70: உண்மையான பலமா, வெறும் பந்தாவா?

ஓஹையோவாசி:
வீட்டில் 45-70 மார்லின் 1895 ரைஃபிள் இருக்கிறது. அதே தோட்டாவைப் போடும் மேக்னம் ரிசர்ச் பிஎஃப்ஆர் ரிவால்வரும் ஒன்று வாங்கலாமென்று யோசனை. 10 அங்குலக் குழல். இங்கே கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட நேர்ச்சுவர்த் தோட்டா (கழுத்துக் குறுகாதது) வேண்டும், குழல் 5 அங்குலமாவது இருக்க வேண்டும். பிஎஃப்ஆர் இரண்டுக்கும் பொருந்துகிறது. பிறகு ஒருநாள் அலாஸ்கா போய் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டையாடவும் ஆசை. கடைக்காரரோ "இதெல்லாம் பந்தா, 500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வாங்கு" என்கிறார். என்ன செய்யலாம்?

ஐந்தறை:
கடைக்காரர் சொன்னதுதான் சரி. 45-70 என்பது 1873இல் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளுக்காக வந்தது. 70 என்றால் 70 கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) கருமருந்து. கேஸ், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, 2.1 அங்குல நீளத்துக்கு இருப்பதே அவ்வளவு கருமருந்தும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்றைய புகையில்லா மருந்துக்கு அந்த இடம் தேவையே இல்லை. ரிவால்வரில் 45-70 போடுவது கல்யாண அண்டாவில் ஒரு ஆளுக்குக் காப்பி போடுகிற கதை.

ஹார்னடி கம்பெனியின் 325 கிரெயின் குண்டு 24 அங்குல ரைஃபிள் குழலில் வினாடிக்கு 2,050 அடி போகும். குழல் 10 அங்குலமானால் அதில் சில நூறு அடி காணாமல் போய்விடும். எரிந்து முடியாத மருந்து குழல்வாய்க்கு வெளியே தீப்பந்தமாக எரியும், அவ்வளவுதான். கடைக்காரர் சொன்ன 500, அதாவது 500 மேக்னம், 2003இல் ரிவால்வருக்கென்றே செய்த தோட்டா. அதே ஹார்னடியின் 300 கிரெயின் குண்டுக்கு ரிவால்வர் நீளக் குழலிலேயே 2,075 அடி என்று போட்டிருக்கிறார்கள். குண்டின் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,800 அடி-பவுண்டுக்கு மேல் வரும்.

பழைய பித்தளை:
ஐந்தறை வழக்கம்போல அடி-பவுண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூஸ் அந்தக் கணக்கைப் படித்துவிட்டா விழப்போகிறது? 405 கிரெயின் கெட்டி ஈயக்குண்டு, முனை தட்டையாக இருந்தால், 1,200 அடி வேகத்திலேயே எலும்பை உடைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். காட்டெருமை வேட்டைக் காலத்திலிருந்து இதே கதைதான்.

அந்த 2,075 அடிக்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். 500இன் அழுத்த வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. 45-70க்கு 28,000தான். குறைந்த அழுத்தத்தில் கேஸ் அறைச் சுவரில் ஒட்டாது. சுட்டு முடித்ததும் தண்டை லேசாகத் தள்ளினால் கேஸ் கையில் விழும். அதே பித்தளையைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். இவரிடம் மார்லினும் இருக்கிறது. ஒரே டை (கேஸைத் திரும்ப நிரப்பப் பயன்படும் கருவி), ஒரே கேஸ், ஒரே அச்சில் வார்த்த குண்டு.

ஐந்தறை:
ஒரே தோட்டா என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். ரைஃபிளுக்கு ஏற்ற மருந்து வேறு, 10 அங்குலக் குழலுக்கு ஏற்ற மருந்து வேறு. கடைசியில் இரண்டு பெட்டியில் இரண்டு விதமாக நிரப்பி, மேலே பெயர் எழுதி ஒட்டப்போகிறீர்கள். அப்புறம் என்ன ஒரே தோட்டா?

உதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலக் குதிரைப்படைக்காரர்களின் கார்பைன் (குட்டை ரைஃபிள்) ஏறத்தாழ 7 பவுண்டு எடை. அதில் 70 கிரெயின் போட்டுச் சுட்டால் தோள் தாங்கவில்லை என்று மருந்தை 55 கிரெயினாகக் குறைத்துக் கொடுத்தது ராணுவம். தோளில் வைத்துச் சுட்டவர்களுக்கே அந்தக் கதி. நீங்கள் அதையே நாலரைப் பவுண்டுத் துப்பாக்கியில், வெறும் கையில் சுடப் போகிறீர்கள்.

பழைய பித்தளை:
500 மட்டும் என்ன தடவியா கொடுக்கும்? கிட்டத்தட்ட அதே எடைதான், குண்டு அதைவிட வேகம். குழல்வாயில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைகள்) இருப்பதால் உதை கொஞ்சம் குறையும், பக்கத்தில் நிற்பவன் காது போகும். பிஎஃப்ஆர் சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுக்கும் வகை; பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே ஏறும், உதை நேராக மணிக்கட்டில் இறங்காது. இரண்டையும் சுட்டிருக்கிறேன். 500தான் கையைப் பதம் பார்த்தது.

இது நேற்று முளைத்த பைத்தியமும் இல்லை. பிஎஃப்ஆருக்கு முன்பே, 1970களில் இண்டியானாவில் வெண்கலச் சட்டகம் வைத்து 45-70 ரிவால்வர் செய்தார்கள், செஞ்சுரி மாடல் 100 என்று.

வேகமே விவேகம்:
மானுக்கு 460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை ஏன் யாரும் சொல்லவில்லை? 200 கிரெயின், 2,200 அடி. நேர்கோடு மாதிரிப் போகும். பழக வேண்டுமென்றால் அதே துப்பாக்கியில் வலுக் குறைந்த 454 கசுல், 45 கோல்ட் தோட்டா இரண்டையும் சுடலாம்.

பனிக்காடு:
460 நல்ல தோட்டாதான். ஆனால் வாங்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் அழுத்தம் 65,000. சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பீறிடும் வாயு சதையைக் கிழித்துவிடும். ரைஃபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் நீட்டித் துப்பாக்கியைத் தாங்கினால் கட்டைவிரல் சரியாக அந்த இடுக்குக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டு கையும் சிலிண்டருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இவ்வகை ரிவால்வர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 460இல் மறந்தால் மன்னிப்புக் கிடையாது.

நான் அலாஸ்காவில் இருப்பவன். நீங்கள் எல்லாரும் சுடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வேட்டையில் முக்கால்வாசி நேரம் சுமப்பதுதான் வேலை. 10 அங்குல பிஎஃப்ஆரை மார்பு உறையில் மாட்டிக்கொண்டு ஆல்டர் புதருக்குள் குனிந்து நுழைந்து பாருங்கள், குழல் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும். என்னிடம் இருப்பது 475 லைன்பா, குட்டைக் குழல். அந்தத் தோட்டா எப்படிப் பிறந்தது தெரியுமா? துப்பாக்கி செய்பவரான ஜான் லைன்பா 45-70 கேஸை எடுத்து 1.4 அங்குலமாக வெட்டித்தான் அதைச் செய்தார். ரிவால்வருக்கு எவ்வளவு கேஸ் போதும் என்று அவர் அன்றே கத்தியால் வெட்டிக் காட்டிவிட்டார்.

ஐந்தறை:
இதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

பழைய பித்தளை:
வெட்டுவதற்கும் அவர் எடுத்தது 45-70 கேஸ்தான் என்பதைக் கவனிக்கவும். சரி, பனிக்காடு சொல்லும் எடை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 475க்குத் தோட்டா எல்லாக் கடையிலும் இருக்காது. 45-70 சின்ன ஊர்க் கடையிலும் இருக்கும். ஓஹையோவாசி பெரும்பாலும் மான் மேடையில் உட்கார்ந்து, கம்பியில் துப்பாக்கியைச் சாய்த்து, 80 கெஜத்தில் சுடப்போகிறவர். அவருக்கு நீளக் குழல் பாரமில்லை.

ஓஹையோவாசி:
அடேயப்பா. மேடையில் உட்கார்வது உண்மை. அலாஸ்கா எப்போது அமையுமோ தெரியாது. மான் மட்டும் என்றால்?

பனிக்காடு:
மான் மட்டும் என்றால் 44 மேக்னமே போதும். இங்கே யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பித்தளை:
அவர் கேட்டது போதுமா என்று இல்லை, பிஎஃப்ஆர் வாங்கலாமா என்று. வாங்குங்கள். ஒன்று மட்டும்: ரைஃபிளுக்கு நிரப்பிய தோட்டாவை அப்படியே போடாதீர்கள். உதையில் மீதித் தோட்டாக்களின் குண்டு கேஸிலிருந்து முன்னால் நகரும், சிலிண்டரைத் தாண்டி நீட்டினால் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். கேஸ் வாயை இறுக்கமாகக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது குண்டின் மேல் மடக்கி அழுத்துங்கள். ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை முதலில் காலிப்பரில் அளந்து குறித்துக்கொண்டு, மற்ற நாலையும் சுட்டபிறகு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நகர்ந்திருந்தால் கிரிம்ப் போதவில்லை.

ஐந்தறை:
500க்கும் இதே சோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பிஎஃப்ஆரில் அந்த ஐந்தாவது தோட்டா பூட்டிக்கொண்டால் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும், அதற்கும் சிலிண்டர் சுழல வேண்டும். மான் அதுவரை காத்திருக்குமா என்று பழைய பித்தளையைக் கேளுங்கள்.