மாடி அறை, கத்திரி வெயில், கொதிக்கும் மடிக்கணினி: எந்தக் கூலிங் பேட் வாங்குவது?

கோட்டைவாசி (வேலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய, தனி கிராபிக்ஸ் சிப் உள்ள 15.6 அங்குல கேமிங் மடிக்கணினி ஒன்றில்தான் வேலை முழுவதும் நடக்கிறது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த அறைதான் என் அலுவலகம். கத்திரி தொடங்கிய நாளிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையின் வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது.

மார்கழி, தை மாதங்களில் 40 நிமிடத்தில் ரெண்டர் ஆன (அதாவது, தொகுத்த காட்சிகள் ஒரே வீடியோக் கோப்பாக உருவான) அளவுள்ள ஒரு தொகுப்பு இப்போது 55 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வெப்பநிலை காட்டும் மென்பொருளில் பிராசசர் தொடர்ந்து 97, 98 டிகிரியிலேயே நிற்கிறது. விசைப்பலகையின் மேல் வரிசையில் விரலை வைத்திருக்க முடியவில்லை. கடையில் 700 ரூபாய்க்கு ஐந்து சிறு விசிறிகளும் நீல விளக்குகளும் உள்ள கூலிங் பேட் (மடிக்கணினிக்கு அடியில் வைக்கும் விசிறித் தட்டு) ஒன்றைக் காட்டினார்கள். இணையத்தில் பார்த்தால், சுற்றிலும் பஞ்சு விளிம்பு வைத்து ஒரே பெரிய விசிறியால் காற்றை உள்ளே தள்ளும் வகை 7,000 ரூபாய்க்கு மேல் விற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் என் வேலைக்குப் பொருத்தமானது எது? விசிறிகளின் எண்ணிக்கை கூடினால் குளிர்ச்சியும் கூடுமா? பேடை மடிக்கணினியின் யூஎஸ்பி போர்ட்டிலேயே செருகுவதால் அதற்குக் கூடுதல் சுமை ஏற்படுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


திருகாணி (திருநெல்வேலி) எழுதியது:

நான் மடிக்கணினி பழுதுபார்ப்பவன். கூலிங் பேட் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது, மடிக்கணினியைத் திருப்பிப் போட்டு அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பதுதான். காற்றை உள்ளிழுக்கும் துளைகள் எங்கே இருக்கின்றன, வெப்பக் காற்று வெளியேறும் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பேட் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதற்குச் சமம். கேமிங் வகைகளில் பெரும்பாலும் அடிப்பாகத்தின் பின்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு விசிறிகள் காற்றை இழுத்து, பின்புறமாகவும் பக்கவாட்டிலும் வெளியே தள்ளும். உறுதியாகத் தெரியவில்லை என்றால், கணினி கடுமையாக உழைக்கும்போது மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைத் துளைகளின் அருகே கொண்டு செல்லுங்கள். உள்ளிழுக்கும் துளையில் அது ஒட்டிக்கொள்ளும். வெளியேறும் இடத்தில் பறந்து விலகும்.

அந்த இரண்டு இடங்களுக்கு நேர் கீழே காற்று வந்து மோதினால்தான் பேடால் பயன் உண்டு. ஐந்து சிறு விசிறிகளில் மூன்று வெறும் பிளாஸ்டிக் பரப்பின் மீது ஊதிக்கொண்டிருந்தால் அவை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஒரே பெரிய விசிறி நடுவில் இருக்கும் வகையிலும் இதே சிக்கல் வரும், ஏனெனில் விசிறியின் நடுக்குமிழுக்கு மேலே காற்றே வராது. ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். சிறு விசிறி அதே அளவு காற்றைத் தர வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் இரைச்சலும் கூடும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே அந்தக் காற்றைத் தந்துவிடும். காற்று செல்லும் திசையையும் கவனியுங்கள். சில மலிவான பேடுகள் காற்றை மேலே ஊதாமல் கீழ்நோக்கி இழுக்கின்றன. உங்கள் கணினியும் அடியிலிருந்தே காற்றை இழுப்பதாக இருந்தால், இரண்டும் ஒரே காற்றுக்காகக் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்.

யூஎஸ்பி பற்றிய அச்சம் தேவையில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை, அதாவது 2.5 வாட் வரை தரும்படி வரையறுக்கப்பட்டது, 3.0 வகையில் அது 4.5 வாட். சாதாரண பேடின் விசிறிகள் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் பேடின் ஓரத்தில் இருக்கும் கூடுதல் போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகாதீர்கள். விசிறிக்குப் போக மிஞ்சிய மின்சாரம் டிஸ்க்குக்குப் போதாமல், கோப்புகளைப் பிரதியெடுக்கும்போது இணைப்பு அறுந்துபோகக்கூடும். கல்யாண வீட்டின் மூலக்கோப்புகள் அதில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி முக்கியமான செய்தி. எந்தப் பேடும் அறைக் காற்றைக் குளிர்விப்பதில்லை. இருக்கிற காற்றைத் துளைக்கு எளிதில் எட்டச் செய்கிறது, அவ்வளவே. உங்கள் அறை 38 டிகிரியில் இருக்கும்போது அது ஊதப்போவதும் 38 டிகிரிக் காற்றைத்தான். அறையின் வெப்பம் 5 டிகிரி கூடினால், அதே வேலையைச் செய்யும் சிப்பின் வெப்பமும் ஏறத்தாழ அதே 5 டிகிரி கூட முயலும். அதோடு, மூன்றாண்டு உழைத்த கணினியின் உள்ளே விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோலப் படிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. மொட்டை மாடி அறை என்றால் அதைக் கேட்கவே வேண்டாம். மூக்கடைத்தவருக்கு எவ்வளவு விசிறினாலும் மூச்சு எளிதாகாது.

எனவே காசு செலவழிப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் செய்து பாருங்கள். முதலில், கணினியின் பின்கால்களுக்கு அடியில் மட்டும் ஓரங்குலக் கனமுள்ள கட்டைகளையோ புத்தகங்களையோ, துளைகளை மறைக்காதபடி வைத்து, அதே தொகுப்பை அதே நேரத்தில் ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உள்ளே சுத்தம் செய்து தெர்மல் பேஸ்டை (சிப்பின் வெப்பத்தைக் குளிர்விக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசையை) மாற்றி, மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே திறப்பதாக இருந்தால் பவர் அடாப்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். காற்றடித்துத் தூசி நீக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். சில கேமிங் வகைகளில் பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசியிருப்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும்; போர்டில் ஒரு துளி சிந்தினாலும் வேலை முடிந்தது. உங்களுடையது அந்த வகை என்றால் தொடவே தொடாதீர்கள், பழக்கமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.


அவிநாசிச்சாலை (கோயம்புத்தூர்) எழுதியது:

திருகாணி ஐயா சொன்னவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விலை கூடிய வகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால் என் அனுபவத்தை எழுதுகிறேன். கட்டடங்களின் முப்பரிமாண மாதிரிகளை ரெண்டர் செய்யும் வேலைக்காக ஓராண்டாகப் பஞ்சு விளிம்பு வகையைத்தான் பயன்படுத்துகிறேன். இதற்கும் சாதாரணப் பேடுக்கும் உள்ள வேறுபாடு விசிறியின் வலிமை மட்டுமல்ல. சாதாரணப் பேடில் ஊதப்படும் காற்றில் பெரும்பகுதி கணினியின் அடியில் மோதி நாற்புறமும் சிதறிவிடுகிறது. இதில் பஞ்சு விளிம்பு அடிப்பாகத்தை அடைத்துக்கொள்வதால், காற்றுக்குத் துளை வழியாக உள்ளே போவதைத் தவிர வேறு வழி இல்லை. என் கணினியில் சாதாரணப் பேட் 3 டிகிரிதான் குறைத்தது. இது முழு வேகத்தில் 12 டிகிரி குறைத்தது.

ஆனால் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முழு வேகத்தில் அது எழுப்பும் ஒலியில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. குரல்பதிவு செய்பவராக இருந்தால் அதே அறையில் அதை ஓடவிட முடியாது. அது யூஎஸ்பியில் இயங்குவதில்லை, தனி அடாப்டர் வேண்டும், ஆகவே இன்னொரு பிளக் பாயின்ட் தேவைப்படும். காற்றை இவ்வளவு வேகமாகத் தள்ளுகிற பொருள் தூசியையும் அதே வேகத்தில் தள்ளும் என்பதால், வடிகட்டி வலை இல்லாத மாதிரியை வாங்கவே கூடாது. நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த வலையைக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுகிறேன். பஞ்சு விளிம்பு உங்கள் கணினியின் பின்புற, பக்கவாட்டு வெளியேற்று வாய்களை மறைக்காதபடி உட்காருகிறதா என்பதையும் வாங்குமுன் அளந்து பாருங்கள். மறைத்தால் உள்ளதும் கெட்டுவிடும்.

மேசையில் வைத்தால் பேட் கணினியைச் சில அங்குலம் உயர்த்திவிடுகிறது. அந்த உயரத்தில் மணிக்கட்டை மடக்கி நாள் முழுவதும் தட்டச்சு செய்தால் வலி வருவது நிச்சயம். தனி விசைப்பலகைக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.


பூவரசு (தஞ்சாவூர்) எழுதியது:

நான் வாங்கி ஏமாந்தவன் என்ற முறையில் ஒரு சிறு எச்சரிக்கை. என்னிடம் இருப்பது மேக்புக் ஏர் எம்1. அதற்குள் விசிறியே கிடையாது, அடியில் காற்றுத் துளையும் கிடையாது. அது தெரியாமல் ஊதும் பேட் ஒன்றை வாங்கினேன். உலோக உடம்பின் சூடு கைக்குச் சற்றுக் குறைந்ததே தவிர, என் அன்றாட வேலைகளில் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. விசைப்பலகை இடுக்கு வழியாகவோ திரையின் கீல் வழியாகவோ காற்றிழுக்கும் மாதிரிகளை வைத்திருப்பவர்களும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்து வாங்குங்கள். இன்னொரு செய்தி: மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு, விசிறியில்லாத ஒரு கெட்டிப் பலகையே பாதிக் கூலிங் பேடுக்குச் சமம்.


கோட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பத்து நாள் பொறுமையாகச் சோதித்துவிட்டு வந்து எழுதுகிறேன். எல்லாச் சோதனையும் பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரே தொகுப்பை வைத்துச் செய்தவை.

ஒன்றும் செய்யாமல் 55 நிமிடம், 98 டிகிரி. பின்கால்களுக்கு அடியில் கட்டை வைத்ததும் 51 நிமிடம். ஆனால் வெப்பநிலை 97. உள்ளூரில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிய பிறகு, கட்டையோடு 44 நிமிடம், 95 டிகிரி. அவர் விசிறியிலிருந்து எடுத்துக் காட்டிய தூசியை உருட்டினால் ஓர் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. அதைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பை இங்கே எழுத இயலாது. அதன் பிறகு, பின்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள் உள்ள சாதாரணப் பேட் ஒன்றை 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். காகிதத் துண்டால் சோதித்துக் குறித்துவைத்திருந்த இடங்களுக்கு நேராக விசிறிகள் அமைகின்றனவா என்று கடையிலேயே அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது 41 நிமிடம், 92 டிகிரி.

எனக்குப் புரியாதது ஒன்று. கட்டை வைத்தபோது வெப்பம் ஒரு டிகிரிதான் குறைந்தது, ஆனால் நேரம் நான்கு நிமிடம் மிச்சமாயிற்றே, அது எப்படி? வீட்டில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் ஒன்று இருக்கிறது. அதைக் கணினிப் பக்கம் திருப்பி வைக்கலாமா என்பதும் என் கேள்வி.


திருகாணி எழுதியது:

நல்ல முறையில் சோதித்திருக்கிறீர்கள்; வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படிக் குறிப்பெழுதிக் கொண்டுவந்தால் என் வேலை பாதியாகிவிடும்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். பிராசசருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பல மடிக்கணினிச் சிப்களில் அது 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த வரம்பை நெருங்கும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, அதற்கு மேல் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். வெப்பம் வெளியேறும் வழி கொஞ்சம் திறந்தால், அது குளிர்ந்து ஓய்வெடுப்பதில்லை; கிடைத்த இடைவெளியை வேகமாக மாற்றிக்கொண்டு மீண்டும் அதே வரம்புக்கு வந்து நிற்கும். ஆகவே வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணினியில் டிகிரியை மட்டும் பார்த்தால் "பேட் வேலை செய்யவில்லை" என்றே தோன்றும். நீங்கள் நிமிடத்தையும் குறித்ததால்தான் உண்மை தெரிந்தது. பேட் பற்றி இணையத்தில் ஒருவர் அற்புதம் என்றும் இன்னொருவர் வீண் என்றும் எழுதுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

ஏர் கூலர் விஷயத்தில், வேலூரின் வறண்ட பிற்பகலில் அது அறைக் காற்றின் வெப்பத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் அதைக் கணினிக்கு நேராகத் திருப்பாதீர்கள். நீர்த்துளி தெறித்தால் பழுது என்னைப் போன்றவர்களிடம்தான் வந்து நிற்கும். எதிர்ச் சுவரோரம் வைத்து, ஈரக் காற்று தேங்காமல் வெளியேற ஒரு சன்னலைத் திறந்துவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அவசரமில்லாத ரெண்டர் வேலைகளை இரவு பதினொரு மணிக்கு மேல் ஓடவிடுங்கள். வெட்டி ஒட்டும் வேலை மட்டும் நடக்கும் பகல் வேளைகளில், விண்டோஸ் பவர் பிளானில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான கணினிகளில் டர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்று சூடு கணிசமாக இறங்கும். ரெண்டருக்கு முன் மீண்டும் 100 ஆக்கிக்கொள்ள மறக்காதீர்கள். நாள் முழுவதும் மின்இணைப்பிலேயே வைத்திருப்பீர்கள் என்பதால், உங்கள் கணினியில் பேட்டரி சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். முழு சார்ஜும் தொடர்ந்த சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி விரைவில் தளர்ந்துவிடும்.


கோட்டைவாசி எழுதியது:

நேற்றிரவு அறை 31 டிகிரியில் இருந்தபோது, பேடோடு அதே தொகுப்பை ஓடவிட்டேன். 38 நிமிடத்தில் முடிந்தது. 7,000 ரூபாய்ப் பேடுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் மாடிக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேயச் சொல்லியிருக்கிறேன். ஆள் திங்கட்கிழமை வருகிறார்.