ஊரிலை பெடியளுக்கு வேலை குடுக்க யோசிக்கிறம், காணி வாங்கிறதோ?

மார்க்கம்வாசி:
வணக்கம். நாங்கள் கனடாவிலை இருக்கிற ஏழு பேர், வடமராட்சியிலை ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள். இவ்வளவு காலமும் சேர்த்த காசு பள்ளிக்கூட மண்டபத்துக்கும் கோயில் தேருக்கும்தான் போனது. இந்தமுறை ஆளுக்கு 25,000 டொலர் போட்டு, ஊர்ப் பெடியளுக்கு நிரந்தர வேலை வாற மாதிரி ஏதும் தொடங்குவமெண்டு யோசினை. நெல்லியடிப் பக்கம் காணி வாங்கித் தையல் தொழிற்சாலை கட்டலாமெண்டு ஒரு கதை. எங்களிலை ரண்டு பேருக்குத்தான் இரட்டைக் குடியுரிமை. அதாலை ஒராளின்ரை மச்சான் பேரிலை எழுதலாமோ?

சுருட்டுக்கொட்டில்:
மச்சான் பேரிலை எழுதினால் காணியும் போகும், மச்சானும் போவான்.

லண்டன்கணக்கு:
மேலை சொன்னது பகிடியில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் காணி வாங்கேலாது. வெளிநாட்டுப் பங்கு 50 வீதமோ அதுக்கு மேலையோ உள்ள கம்பனிக்கும் அதே தடை. இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு விலக்கு இருக்கு. குத்தகைக்கு எடுக்கலாம்.

ஆனா உங்களுக்கு ஏன் காணி? 175,000 டொலரிலை பாதியைச் சீமெந்துக்குள்ளை போட்டால் சம்பளத்துக்கு என்ன மிஞ்சும்?

லண்டனிலை எனக்குக் கணக்கு வேலை. யாழ்ப்பாண ரவுணிலை ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, இஞ்சத்தைக் கடையளின்ரை வற் வரிக் கணக்கும் சம்பளக் கணக்கும் அங்கை செய்விக்கிறன். முதல்லை வேலையைப் பிடிச்சன், பிறகுதான் மேசை வாங்கினன். கோடையிலை எங்கடை காலமை ஒன்பது மணி அங்கை மத்தியானம் ஒண்டரை. அதுவரைக்கும் அங்கை வேலை செய்யிற பிள்ளையள் தாங்களாச் செய்வினம், பிறகு நான் லைனிலை.

பிள்ளையள் கணக்கிலை கெட்டி. ஆனா வாய் திறக்காயினம். ஒரு கடைக்காரன் ஒரே இன்வொயிசை ரண்டுதரம் அனுப்பியிருக்கிறான். ஒரு பிள்ளை அதைக் கண்டும், கேக்கக் கூச்சப்பட்டு ரண்டையும் பதிஞ்சுபோட்டா. இப்ப எல்லாரும் ஒவ்வொரு நாளும் ஒரு கடைக்காரனுக்காவது ஃபோன் அடிச்சு ஏதாவது கேக்கோணும். முதல் கிழமை அழுகை. இப்ப கடைக்காரர் என்னை விட்டிட்டு அவையோடைதான் கதைக்கினம்.

காசு அனுப்பிற விசயம்: வங்கியிலை உள்முக முதலீட்டுக் கணக்கு எண்டு கேளுங்கோ, ஐஐஏ எண்டாலும் விளங்கும். அதுக்குள்ளாலை வந்து பங்கு வாங்கின காசெண்டால் லாபத்தையும், பிறகு பங்கை வித்தால் அந்தக் காசையும் முறைப்படி வெளியிலை எடுக்கலாம். வங்கிக்கு வெளியாலை உண்டியலிலை போன காசுக்கு ஆரிட்டைக் கணக்குக் காட்டுவியள்?

முதல்லை ஒண்டு சொல்லுங்கோ, ஏழு பேரும் அங்கை என்ன வேலை? உங்களாலை பிடிச்சுக் குடுக்கக்கூடிய ஓடர்தான் எனக்குப் பெரிசு, 25,000 இல்லை.

கிளிநொச்சிப்பெடியன்:
அண்ணை சொல்லுறது பட்டதாரிக்குச் சரி. ஓஎல் சோதினையோடை படிப்பை நிப்பாட்டினவனுக்கு? தையலெண்டால் கிளிநொச்சியிலை ஏற்கெனவே பெரிய ஆடைத் தொழிற்சாலையள் இருக்கு, உந்தக் காசோடை அவையோடை போட்டி போடேலாது. ஏசி, ஃபிரிட்ஜ் திருத்திற மாதிரிக் கைத்தொழிலைப் பாருங்கோ.

மற்றது, எந்த வேலையெண்டாலும் வீட்டிலை கேக்கிற முதல் கேள்வி "இபிஎஃப் இருக்கோ?" இபிஎஃப் எண்டது ஊழியர் சேமலாப நிதி, அதுக்குச் சம்பளத்திலை ஊழியரிட்டை 8 வீதம், முதலாளி 12 வீதம். இரிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னுமொரு 3 வீதம். இதைக் கட்டாமல் "ஊருக்கு உதவி செய்யிறம்" எண்டு திருவிழாவுக்கு வந்து படமெடுத்துப் போட்ட ஒரு முதலாளியிட்டை நான் வேலை செய்தனான். நியமனக் கடிதம்கூடத் தரேல்லை. அவரின்ரை பெடியள் முக்கால்வாசிப்பேர் இப்ப கட்டாரிலை.

மார்க்கம்வாசி:
நன்றி. ஒராளுக்கு ஏசி வேலைதான், கேட்டுப் பாக்கிறன். ரண்டு பேர் லொறிக் கம்பனியிலை டிஸ்பாச், எந்த லொறி எங்கை எப்ப போறதெண்டு ஒழுங்குபடுத்திற வேலை. அதை ஊரிலை இருந்து செய்யலாமோ?

லண்டன்கணக்கு:
ஓம். ரொறன்ரோ காலமை எட்டு மணி, கோடையிலை அங்கை பின்னேரம் ஐஞ்சரை. வேலை முடிய இரவு ஒண்டரை ஆகும். பெண்பிள்ளையளின்ரை இரவு வேலைக்கு என்ன விதியெண்டு தொழில் திணைக்களத்திலை விசாரிச்சு, வானுக்கும் காசு ஒதுக்குங்கோ. வீட்டு வாசலிலை கொண்டுபோய் விடாட்டித் தாய் தேப்பன் விடாயினம். ஜெனரேற்றரும் வேணும். காணிக் கதையை இப்ப விடுங்கோ. அந்த ரண்டு பேரும் தங்கடை முதலாளியிட்டை, எத்தினை லொறியின்ரை வேலையைத் தருவாரெண்டு கேக்கட்டும்.