புதுமையான இணையக் கருவிகளையும் நல்ல வடிவமைப்பையும் இனங்காண்பது எப்படி?

கேள்வி

வணக்கம். உலாவியிலேயே இயங்கும் புதிய கருவிகளைத் தேடிப் பார்ப்பதிலும், அன்றாடப் பொருள்களில் உள்ள வடிவமைப்பு நுணுக்கங்களைக் கவனிப்பதிலும் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஆனால், 'கட்டாயம் அறிய வேண்டிய தளங்கள்' என்பது போன்ற பட்டியல்களில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை திறந்து பார்த்ததோடு மறந்துபோகின்றன. முதல் பார்வையில் வியப்பூட்டுவதையும் உண்மையிலேயே கைகொடுப்பதையும் எவ்வாறு பிரித்தறிகிறீர்கள்? மேலும், கோப்புகளைக் கேட்கும் இலவசக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 1

பட்டியலை விட்டுவிட்டு, உங்கள் வேலை திரும்பத் திரும்பத் தடைபடும் இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். படக் கோப்புகளின் அளவைக் குறைப்பது எனக்கு அப்படியொரு தொல்லையாக இருந்ததால்தான் ஸ்குவூஷ் (Squoosh) என்ற இணையக் கருவியின் அருமை புரிந்தது. அதில் படத்தின் நடுவே ஒரு கோடு நிற்கும். ஒருபுறம் மூலப்படம், மறுபுறம் சுருக்கிய படம். கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே தரத்தைக் குறைத்துப் பார்த்தால், முடியிழைகளும் எழுத்தின் விளிம்புகளும் எந்த நிலையில் கலங்கத் தொடங்குகின்றன என்பதைக் கண்ணே சொல்லிவிடும்; கோப்பின் அளவு எவ்வளவு குறைந்தது என்பதும் அங்கேயே தெரியும். எண்ணைக் கொண்டு ஊகிக்க வேண்டிய ஒரு முடிவைப் பார்வைக்கே விட்டுவிட்டதுதான் இதன் சிறப்பு.

நம்பகம் பற்றிக் கேட்டீர்கள். 2019-இல் வெப்அசெம்ப்ளி அதிகாரபூர்வ இணையத் தரமானது. சி++ போன்ற மொழிகளில் எழுதிய நிரல்களை உலாவிக்குள்ளேயே விரைவாக இயக்க அது வழிசெய்கிறது. ஆகவே, முன்பு இணையத்தின் மறுமுனையிலுள்ள வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்பியே செய்ய வேண்டியிருந்த பல வேலைகளை இப்போது உங்கள் கணினியே செய்துவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கம் முழுவதும் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கோப்பைக் கொடுங்கள். வேலை முடிந்தால், அதைச் செய்தது உங்கள் கணினிதான்.

மறுமொழி 2

அன்றாட வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்கள் க்யூஆர் குறியீட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம் இருக்கும். நான்காவது மூலையில் இராது. குறியீடு தலைகீழாக இருந்தாலும் எந்தப் பக்கம் மேல் என்பதைக் கருவி உணர்ந்துகொள்வது இதனால்தான். அந்தச் சதுரத்தின் மையத்தின் வழியே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிமாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடிப் பார்த்தே இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. உயர்ந்த பிழைதிருத்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் தகவலை மீட்டுவிடலாம். நடுவில் இலச்சினை பதித்த குறியீடுகள் படிக்கக்கூடியவையாக இருப்பது இதனால்தான்.

கசங்கலும் அழுக்கும் நேரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துச் செய்த பொருள் இது. இணையக் கருவியிலும் நான் இதையே தேடுகிறேன். தவறான கோப்பைக் கொடுத்தால் என்ன சொல்கிறது, பாதியில் பக்கத்தை மூடிவிட்டால் செய்த வேலை மிஞ்சுகிறதா என்பவற்றை முதலில் பார்ப்பேன்.

மறுமொழி 3

மேற்கண்ட இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது, அதன் பயனர்கள் தாங்கள் பின்தொடர்ந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் (OPML) என்ற பொதுவடிவக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிகளுக்கு மாற முடிந்தது. பிற மென்பொருள்களும் படிக்கும் பொதுவடிவில் உங்கள் தரவைத் திருப்பித் தராத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும், முக்கியமான வேலைக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒரு கருவியில் சோதித்தேன். இணைய இணைப்பைத் துண்டித்ததும் அது நின்றுவிட்டது. அப்படியானால் அது கோப்பை வெளியே அனுப்புகிறது என்று கொள்ளலாமா?

மறுமொழி 1

அவ்வாறு உறுதியாகக் கூற இயலாது. சில கருவிகள் தேவையான நிரல் பகுதியைக் கடைசி நேரத்தில்தான் தரவிறக்கும், அதனாலும் நின்றிருக்கலாம். முக்கியமில்லாத, சற்றுப் பெரிய கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உலாவியின் டெவலப்பர் கருவிகளில், பக்கம் அனுப்பும், பெறும் தரவைக் காட்டும் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்து, இணைய இணைப்போடு மீண்டும் முயலுங்கள். உங்கள் கோப்பின் அளவுக்கு ஒத்த தரவு வெளியே போனால் அது பதிவேற்றம்தான். உள்ளே வருவது மட்டுமே தெரிந்தால், கோப்புகளைச் சேர்க்கும் வேலை உங்கள் கணினியிலேயே நடந்திருக்கிறது.