கண்ணாடி போல் தெளிந்த லாகர், ஆனால் நுரையே இல்லை

வீட்டிலேயே லாகர் (குளிரில் நொதிக்க வைக்கும் பீர்) 20 லிட்டர் போட்டேன். 11 டிகிரியில் இரண்டு வாரம் நொதிக்க விட்டு, முடியும் தறுவாயில் வெண்ணெய் வாடை போவதற்காக 18 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள், அப்புறம் ஃப்ரிட்ஜில் 1 டிகிரியில் ஐந்து வாரம். டம்ளருக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்து முதல் மூடியைத் திறந்தால், புஸ் என்ற சத்தமே சன்னமாகத்தான் வந்தது. ஊற்றியதும் ஓரத்தில் வளையம் மாதிரி கொஞ்சம் நுரை, அதுவும் அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது.

ஐந்து வாரக் குளிரில் ஈஸ்ட் எல்லாம் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாட்டில் அடியில் மெல்லிசாக வெள்ளைப் படலம் இருந்தது, ருசியில் துளி இனிப்பு மிச்சமில்லை. ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது, பாட்டிலில் வாயு உண்டாவதற்காக அடைக்கும்போது சேர்த்த சர்க்கரைதான் போதவில்லை. அந்தச் சர்க்கரைக்குக் கணக்குப் போடும்போது பீரின் வெப்பநிலை என்று நான் கொடுத்தது 1 டிகிரி. அந்தக் குளிரில் லிட்டருக்கு 1.6 லிட்டர் வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, மொத்தம் 2.5 வருவதற்கு 70 கிராம் போதும் என்று வந்தது. ஆனால் 18 டிகிரிக்கு ஏற்றியபோதே வாயு வெளியே போய்விட்டதே! நொதித்தல் முடிந்த பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் போனது திரும்பாது. மிச்சம் இருந்தது 0.9தான். ஆக, பீர் கடைசியாகச் சூடேறிய அளவைத்தான் கணக்கில் கொடுக்க வேண்டும், இப்போது எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பதை அல்ல.

அடுத்த முறை சுமார் 125 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, காலி வாளியில் முதலில் அதை ஊற்றி, அதன்மேல் பீரைச் சத்தமில்லாமல் சைஃபன் குழாயில் இறக்கினேன். ஒரு சிட்டிகை உலர் ஈஸ்ட்டும் சேர்த்தேன். ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் நிரப்பி வைத்தேன், அமுக்கிப் பார்க்க. 20 டிகிரியில் பத்தாம் நாளே அது கல் மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் மூன்று வாரம் விட்டு, ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் திறந்தேன். இந்தத் தடவை நுரை இரண்டு விரல் உயரம் நின்றது.

*

நானும் வீட்டில் பீர் போடுகிறவன்தான், மேலே சொன்னவருக்கு நேர் எதிர் என் கதை. வாயு பிரமாதம், தெளிவுதான் தகராறு. மேசைமேல் இருக்கும்போது பளிச்சென்று இருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் பனி மூடியது போல் கலங்கும், வெளியே எடுத்து வைத்தால் மறுபடி தெளியும். மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) புரதமும் அதன் உமியிலும் ஹாப்ஸிலும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) இருக்கிற துவர்ப்புச் சத்தும் குளிரில் சேர்ந்து வரும் கலங்கல் அது. நான் 7 டிகிரியிலேயே வைத்திருந்தேன், அங்கே அது முழுசாகத் திரளவே இல்லை, திரளாதது எப்படிப் படியும்? இப்போது 0 டிகிரிக்கு இறக்கி, அரை டீஸ்பூன் ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஊற்றி மூன்று நாள் விடுகிறேன். முக்கியமாக, சில்லென்று இருக்கும்போதே பாட்டிலுக்கு மாற்றிவிடுவேன். சூடேறவிட்டால் படிந்ததில் கொஞ்சம் திரும்பக் கரைந்துவிடும்.

*

நுரை போதவில்லை என்று சர்க்கரையைக் கூட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளந்து, நொதித்தல் முடிந்ததா என்று காட்டும் மிதவை) ஒரே எண்ணைக் காட்டாமல் அடைக்கவே அடைக்காதீர்கள். அவசரப்பட்டு அடைத்ததில் எனக்கு ராத்திரி இரண்டு பாட்டில் வெடித்தது, சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு. பக்கத்தில் யாரும் இல்லாததால் தப்பித்தோம்.