பனியன் கட்டிங் வேஸ்ட்ல பெட்ஷீட் போடலாமுங்களா?

திருப்பூர்வாசி: எங்க யூனிட்ல கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையா சேருது, வேஸ்ட் கடைக்காரர் வந்து அள்ளிட்டுப் போயிடறாரு. அதையே நூலாக்கி இங்கயே பெட்ஷீட் போட்டா சரி வருமுங்களா?

மில்லுக்காரன்: வருமுங்க, ஆனா முதல்ல கலர் பிரிக்கணும், அதுலதான் எல்லாமே இருக்கு. நீலத்துண்டு நீலப் பஞ்சாகி நீல நூலாவே வந்துட்டா திரும்ப சாயம் வேண்டாம், தண்ணியும் மிச்சம், சாயக்கழிவுத் தண்ணிப் பிரச்சனையில 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னது ஞாபகம் இருக்குமே. துணியப் பிச்சா இழை குட்டையாயிடும், அதனால பழைய பாட்டில்ல இருந்து வர்ற பாலியஸ்டர் கலப்போம். 10, 20 கவுண்ட் (இந்த நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு) நல்லா வரும், ரொம்ப மெல்லிசுக்கு ஆசப்படாதீங்க.

தறிக்காரி: பெட்ஷீட் நெய்யற எங்க சென்னிமலைப் பக்கம் வந்து பாருங்கண்ணா. லைக்ரா, அதான் இழுத்தா நீளுற இழை, அது இருக்கற துண்டு கலந்தா மெஷின்ல சுத்திக்கும், அத மட்டும் தனியா போடச் சொல்லுங்க.

திருப்பூர்வாசி: அட, நாங்க எல்லாத்தையும் ஒரே சாக்குலல்ல தள்றோம்!