இடப்பக்கம் இழுக்கும் பழைய லாரி, 60-இல் நடுங்கும் ஸ்டீயரிங்

ஆறுசக்கரம்:
வணக்கம். என் வண்டி 1996 மாடல் ஆறு சக்கர லாரி. முன்னால் ஒற்றை ஆக்சில், கமான் பட்டை, ஏர் பிரேக், எல்லாச் சக்கரத்திலும் டிரம். அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன்.

40-ஐத் தாண்டினால் இடப்பக்கம் இழுக்கிறது. கிளம்பிய முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் தோள் வலிக்கும் அளவுக்கு வலப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். இது போதாதென்று 60-க்கும் 70-க்கும் நடுவில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 80 போனால் அடங்கிவிடுகிறது, ஆனால் இந்தக் கிழவனை 80-இல் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

முன் டயர் இரண்டும் புதிது. பேலன்சிங் செய்தேன். அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. ஸ்டீயரிங்கில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடுவது) இருப்பதால் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். பெரிய செலவு. மாற்றுவதற்கு முன் நாலு பேரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

கிரீஸ்கை:
பாக்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாக்ஸ் தேய்ந்தால் வண்டி இரண்டு பக்கமும் அலையும், ஒரே பக்கமாக இழுக்காது. பவர் ஸ்டீயரிங் வால்வு கெட்டால் இழுக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, முன் ஆக்சிலைத் தூக்கிக் கட்டை கொடுத்து எஞ்சினை ஓடவிடுங்கள். ஸ்டீயரிங் தானாகத் திரும்பினால் வால்வு, திரும்பாவிட்டால் அது இல்லை. அலைன்மென்ட் கடையில் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும்தான் பார்த்திருப்பார்கள். டோ தப்பாக இருந்தால் டயரைத் தின்னும், இழுக்காது.

இழுப்பு, நடுக்கம் இரண்டையும் ஒரே நோயாக நினைத்து ஒரே மருந்து தேடுகிறீர்கள். தனித்தனியாகப் பாருங்கள்.

"முதல் பத்து நிமிடம் தெரியாது" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். வளைந்த ஆக்சில் பத்து நிமிடம் நேராக நடந்துகொள்ளாது. அரை மணி ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை உருளவிட்டு நிறுத்துங்கள். இறங்கி முன் டிரம் இரண்டின் அருகிலும் புறங்கையைக் காட்டி, எது அதிகச் சூடு என்று பாருங்கள். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

கமான்பட்டை:
கிரீஸ்கை அண்ணன் சொன்னதற்கு முன்னால் இரண்டு காசில்லா வேலை. ஒன்று, முன் டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். ரேடியல் டயர் புதிதாகவே இருந்தாலும் உள்ளே கட்டு கோணலாக இருந்தால் இழுக்கும்.

இரண்டு, முன் ஆக்சில் நடுவிலிருந்து பின் ஆக்சில் நடுவுக்கு இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். கமான் பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருந்தால், எந்தப் பக்கம் அளவு குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியாது. ஒருமுறை நான் இரண்டு மாதம் ஏமாந்தேன்.

ஆறுசக்கரம்:
எல்லாம் செய்தேன். அளவு இரண்டு பக்கமும் சமம். டயரை மாற்றிப் போட்டும் இழுப்பு இடப்பக்கமே. ஸ்டீயரிங் தானாகத் திரும்பவில்லை.

டிரம்தான் அண்ணே! வலப்பக்கம் வெதுவெதுப்பு, இடப்பக்கம் கை காட்ட முடியாத சூடு. தூக்கிச் சுற்றிப் பார்த்தால் வலது சக்கரம் நன்றாகச் சுழல்கிறது, இடது சக்கரம் கால் சுற்றில் நின்றுவிடுகிறது. கழற்றியதில், ஷூவை விரிக்கும் பிரேக் கேம் ஷாஃப்ட்டின் புஷ் துருவில் இறுகிக் கிடந்தது. மிதித்தால் ஷூ விரிகிறது, விட்டால் முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் கிளம்பும்போது ஒன்றும் இல்லாமல், நாலைந்து முறை பிரேக் போட்ட பிறகு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. புஷ், ரிட்டர்ன் ஸ்பிரிங் மாற்றியாயிற்று. லைனிங்கையும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன். இழுப்பு போய்விட்டது.

நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கிரீஸ்கை:
இருக்கத்தான் செய்யும். நடுக்கத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3.2 மீட்டர் போகும். 65-இல் நொடிக்கு ஐந்து, ஆறு சுற்று. கை அந்த வேகத்தில் ஆடினால் அது சக்கரம். அதைவிடப் பொடியாக, சீட்டிலும் தரையிலும் ரீங்காரம் மாதிரி வந்தால் பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், அதன் இணைப்பான கிராஸ் பக்கம் போங்கள்; ஷாஃப்ட் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது.

சக்கரம்தான் என்றால் தூக்கி வைத்து, டயர் ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றுங்கள்; சக்கரம் கோணலாக ஓடினால் கோடு ஒரு பக்கம் மட்டும் விழும். அப்புறம் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை). டை ராடு (முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) ஜாயிண்டுகளை மட்டும் சக்கரம் தரையில் இருக்கும்போது பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதாக இப்படியும் அப்படியும் திருப்ப, நீங்கள் ஜாயிண்ட் மேல் கை வைத்திருங்கள். தூக்கிவிட்டால் அந்த ஆட்டம் ஒளிந்துகொள்ளும்.

ஆறுசக்கரம்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். கை நொடிக்கு ஐந்தாறு முறைதான் ஆடியது. சாக்பீஸ் இடது டயரில் ஒரு பாதியில் மட்டும் கோடு போட்டது. சக்கரத்தைக் கழற்றினால், டிரம் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருக்கிறது. அதன் மேலேயே புது டயரைப் பூட்டியதால் சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பேலன்சிங் மெஷினில் தனியாகச் சுற்றும்போது இது எப்படித் தெரியும்? கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். பாதி நடுக்கம் அங்கேயே போயிற்று.

மீதிப் பாதி கிங்பின். பிரேக் மிதித்தும் இடது பக்கம் ஆட்டம் நிற்கவில்லை. கீழ்ப் புஷ் தேய்ந்து காய்ந்து கிடந்தது. நான் மாதம் தவறாமல் கிரீஸ் அடித்தவன், ஆனால் வண்டியைத் தூக்காமல், பாரம் ஏறியபடியே அடித்திருக்கிறேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

அப்புறம் அந்த மூன்று விரல் வெற்றாட்டம்: டிராக் லிங்க் முன் ஜாயிண்ட். மாற்றியதும் ஒரு விரலுக்கு வந்துவிட்டது. பாக்ஸ் பழையதுதான், ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை.

கிரீஸ்கை:
கிங்பின் மாற்றினால் அலைன்மென்ட் மறுபடியும் பார்க்க வேண்டும், மறக்காதீர்கள். நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை முறுக்குங்கள், துரு தேய்த்த முகம் கொஞ்சம் அமரும்.

ஆறுசக்கரம்:
நேற்றே முறுக்கினேன், இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது. இப்போது 65-இல் ஒற்றைக் கையில் ஓட்டுகிறேன். 75-இல் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் வருகிறது, முன்பு நடுக்கத்தில் அது தெரியவே இல்லை. கிராஸ்தான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் அண்ணே.