முன்கண்ணாடி விரிசல்: மாற்றியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ஜல்லி லாரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து, என் ஸ்விஃப்ட் முன்கண்ணாடியில் பொட்டு அளவுக்கு ஒரு அடி. அலட்சியமாக விட்டுவிட்டேன், என் தப்புதான். நேற்று வெயிலில் நின்ற வண்டியில் ஏசியை முழுதாக வைத்ததும் விரிசல் ஒரு சாண் ஓடிவிட்டது, அதுவும் ஓட்டுபவர் பக்கம். இனி பிசின் விட்டு அடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கம்பெனி கண்ணாடிக்குப் பதில் செயின்ட் கோபைன், ஏஐஎஸ் பிராண்டு கண்ணாடி வெளியில் போட்டவர்கள் உண்டா? மழையில் ஓரம் கசிகிறதா? இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறுகிறதா?

அப்புறம் இன்சூரன்ஸ். கண்ணாடிக்குத் தேய்மானம் (பழசானதற்கான கழிவு) பிடிக்கமாட்டார்கள், சரி. ஆனால் க்ளெய்ம் போட்டால் என் 35 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடுமே! கைக்காசு போடுவதே லாபமா?